வயிற்று மின்சாரம்

மருதாசலம் எழுதிய முதல் புத்தகத்தின் பெயர் ‘உலையும் உலையும்’. சோற்றுக்கு வைக்கிற உலையும் மின்சாரத்துக்கு வைக்கிற உலையும் அடிப்படையில் ஒன்றுதான், உணவும் எரிசக்தியும் ஒரே வெயிலின் இரண்டு வேஷங்கள் என்பது அதன் சாரம். அச்சகத்தில் அட்டையைக் கோத்தவர், ஒரே வார்த்தை தவறுதலாக இரண்டு தடவை விழுந்துவிட்டதாக நினைத்து, நல்லெண்ணத்தோடு ஒன்றை எடுத்துவிட்டார். ‘உலையும்’ என்ற பெயரில் கடைக்கு வந்த புத்தகத்தைச் சமையல் புத்தகம் என்று நினைத்துச் சிலர் வாங்கினார்கள். மற்றவர்கள் நினைக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை.

அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை. கோவையில் ஒரு நாளிதழில் காற்றாலை, ரேஷன் அரிசி, அணை நீர்மட்டம், உரத் தட்டுப்பாடு என்று எழுதிக்கொண்டே, எரிசக்தியையும் உணவையும் பற்றி இன்னும் சில புத்தகங்களைப் போட்டார். எல்லாம் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தன. மனைவி பூங்கொடி ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். விற்காத புத்தகக் கட்டுகளின் மேல் பலகை போட்டு, அதைத் துணி தேய்க்கும் மேசையாக்கி வைத்திருந்தாள்.

அந்தக் கோடையில்தான் இளவேனில் வந்தாள். மின்வெட்டு நேரம். பூங்கொடி விசிறிக்கொண்டே கதவைத் திறந்தாள். தோளில் ஒரு பையோடு நின்ற அந்தப் பெண், உயிரிப் பொறியியல் படித்துவிட்டுச் சொந்தமாகச் சின்னக் கம்பெனி நடத்துவதாகச் சொன்னாள்.

“சார், உங்க புக்க அத்தன தடவ படிச்சிருக்கேன்.”

“எந்தப் புக்கு?” என்றார் மருதாசலம். வாசகர் என்று ஒருவரை நேரில் பார்ப்பது அவருக்குப் புதிது.

“உலையும்.”

“அது உலையும் உலையும்.”

“அதாங் சார். அதுல ஒரு வரி எழுதியிருந்தீங்க. ‘தொப்பை என்பது மனிதன் இடுப்பில் கட்டிக்கொண்டு திரியும் நிலக்கரிச் சுரங்கம், தோண்டத்தான் ஆளில்லை’ன்னு. நான் தோண்டிட்டேன் சார்.”

பையிலிருந்து அகலமான இடுப்புப் பட்டை ஒன்றை எடுத்தாள். உட்புறம் முழுக்க மயிரிழை போன்ற ஊசிகள்.

“ஊசி நுனியில நுண்ணுயிருங்க இருக்குது. அதுக கொழுப்பத் தின்னு மின்சாரம் விடும். கிலோ கணக்குல கொழுப்பு கரைஞ்சாத்தான் ஒரு ஊட்டுக்கு ஆகும். ஆனா நம்ம ஊர்ல கொழுப்புக்கு என்னங் சார் பஞ்சம்?”

“வலிக்குமா கண்ணு?” என்று பூங்கொடி கேட்டாள். கேட்டது கணவனுக்காகத்தான், ஆனாலும் கை அதற்குள் அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தது.

“எறும்பு ஊர்ற மாதிரி இருக்குமுங் அக்கா.”

பட்டையைக் கட்டியதும் அதற்குள்ளிருந்து வானொலிச் செய்தி வாசிப்பவர் போல ஒரு பெண் குரல் வந்தது. “வணக்கம். தங்களிடம் தாராளமான இருப்பு உள்ளது. நன்றி.”

மருதாசலத்துக்குக் கண் கலங்கியது. எந்த விஷயத்திலும் அவரிடம் தாராளமாக இருக்கிறது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. இளவேனில் பட்டையின் ஒயரைச் சுவரில் செருகியதும் மின்விசிறி முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. பூங்கொடி நேராக அதன் கீழே போய் நின்றுகொண்டாள்.

“கல்யாணமாகி இத்தன வருசத்துல இந்த ஊட்டுக்கு இவரால ஆன மொத உபகாரம் இதுதாங் கண்ணு,” என்றாள்.

அடுத்த கோடைக்குள் ஊரே பட்டை கட்டிக்கொண்டது. மருதாசலம் நாளிதழில் எழுதிய கட்டுரைக்கும் அதில் பங்கு உண்டு. ஜிம்களில் பாதி மூடின, மீதி டிபன் கடையாக மாறின. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரித்த கையோடு இடுப்பளவையும் விசாரித்தார்கள். கல்யாணப் பந்திகளில் ஜனங்கள் இரண்டாவது தடவை உட்கார்ந்தால், “பாவம், ஊட்ல ஏசி இருக்குது போல” என்று பரிமாறுகிறவர்களே இன்னொரு கரண்டி போட்டுவிட்டுப் போனார்கள். பூங்கொடியும், “இன்னும் ரெண்டு தோசை சாப்பிடுங்க, வாசிங் மிசினு போடோணும்” என்று அன்போடு உபசரிக்கத் தொடங்கினாள். இளைத்தும் பெருத்தும், இளைத்தும் பெருத்தும், மருதாசலத்தின் கால்சட்டைகள்தான் திண்டாடின.

‘உலையும் உலையும்’ மறுபதிப்பு வந்தது, இந்த முறை இரண்டு உலையோடும். தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். சால்வைகள் சேர்ந்தன. பலகைக்குக் கீழே இருந்த கட்டுகள் விற்றுப்போய், பூங்கொடி துணி தேய்க்க வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

பட்டையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதலாம் என்று மருதாசலம் கிளம்பியபோதுதான் குப்புராஜைச் சந்தித்தார்.

நகரத்தின் பெரிய ஜவுளிக்கடை ஒன்று, மின்வெட்டுக்கு மாற்றாக இருபது முப்பது பேரைச் சம்பளத்துக்கு வைத்து, சாப்பாடு போட்டு, அவர்கள் வயிற்றிலிருந்து நகரும் படிக்கட்டை ஓட்டிக்கொண்டிருந்தது. வாசலில் ‘இக்கடை இயற்கை மின்சாரத்தால் இயங்குகிறது’ என்று பலகை. அந்த ஆட்களுக்கு ‘மின்னுணவு ஊழியர்’ என்று அடையாள அட்டையில் போட்டிருந்தது. ஊரில் ‘தீனியாளுங்க’ என்பார்கள்.

அவர்களில் குப்புராஜுக்குத் தனிப் பேர். விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். அளவில்லாச் சாப்பாடு என்று பலகை வைத்த ஓட்டல்களில், அவர் தெருமுனையில் திரும்பும்போதே பலகையை உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள். கடையின் அடித்தளத்தில், வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில், மடியில் நெய்ச்சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். இடுப்பிலிருந்து ஒரு ஒயர் சுவருக்குப் போயிற்று.

“எப்படி இருக்குது வேல?” என்று மருதாசலம் கேட்டார்.

“ஆரம்பத்துல சொர்க்கமுங்ணா. திங்கறதுக்குச் சம்பளம்னா யாரு வேண்டாம்பாங்க. மொத வாரம் நானே கேட்டு ஓவர்டைம் பாத்தேன்.”

“இப்ப?”

குப்புராஜ் ஒரு உருண்டையை வாயில் போட்டு, கடமைக்கு மென்று விழுங்கினார். “பசின்னா எப்படி இருக்கும்னே மறந்து போச்சுங்ணா. முன்னால எல்லாம் என்ற ஊட்டுக்காரி தெய்வான களி கிண்டுனா, அந்த நெனப்புலயே சைக்கிள வெரசா மிதிப்பேன். இப்ப ஊட்டுக்குப் போயி தட்டப் பாத்தா, ஷிப்டு முடிஞ்ச பொறவும் மொதலாளி வேல குடுக்கற மாதிரி இருக்குது. தொடறதே இல்லீங். அப்படியே மூடி வெச்சிருவா.”

“இங்க மிச்சமாகறத ஊட்டுக்கு எடுத்துட்டுப் போலாமுல்ல?”

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் குறுக்கிட்டார். “அது சாப்பாடு இல்லீங் சார். எரிபொருளு. கேட்டத் தாண்டக் கூடாது.”

“அரிசி வெல இப்படி ஏறிக் கெடக்குதே குப்புராஜ். ஊட்ல எப்படிச் சமாளிக்கறாங்க?”

“தெய்வான சமாளிச்சுக்குவாங்ணா. எப்பக் கேட்டாலும் ‘சாப்டாச்சு’ம்பா.” சொல்லிவிட்டு அடுத்த உருண்டையை எடுத்தார். மேலே யாரோ பட்டுப்புடவைப் பையோடு நகரும் படிக்கட்டில் ஏறியிருக்க வேண்டும், ஒயர் லேசாக உறுமியது.

அரிசி விலை ஏறியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஊரில் பாதிப் பேர் பசிக்குச் சாப்பிடுவதை விட்டுவிட்டு பிரிட்ஜுக்கும் மிக்சிக்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தச் சமயத்தில் அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. ரேஷன் அரிசி வாங்கும் குடும்பங்களுக்கு இனி இலவச மின்சாரம் இல்லை. அதற்குப் பதில் குடும்பத் தலைவிக்கு ஒரு இலவசப் பட்டை. அரிசிதான் தருகிறோமே, அதிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது கருத்து. தொடக்க விழாவில் பேச மருதாசலத்தை அழைத்திருந்தார்கள். அவருடைய எல்லாப் புத்தகங்களையும் எல்லா நூலகங்களுக்கும் வாங்கப்போவதாகவும் காதில் போட்டு வைத்தார்கள். தமிழில் புத்தகம் எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய சொர்க்கவாசல் கிடையாது.

பேச்சைத் தயாரிக்க உட்கார்ந்தவருக்குப் பழைய பத்திரிகைக்கார புத்தி சும்மா இருக்கவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். பூமியின் அடி ஆழத்திலிருந்து மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்து, நெல் விளைவித்து, அரைத்து, வேகவைத்து, குப்புராஜின் வாய் வழியாக உள்ளே அனுப்பினால், அவர் இடுப்பிலிருந்து வெளியே வருகிற மின்சாரம், தண்ணீர் இறைத்த மோட்டாருக்கே காணாது. கால்பங்குகூடத் தேறவில்லை. மறுபடி போட்டார். மறுபடியும் தேறவில்லை.

இளவேனிலை போனில் கூப்பிட்டார்.

“தெரியுமுங் சார்,” என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது. “ஏற்கனவே இருக்கற தொப்பையக் கரைக்கத்தான் நான் இதச் செஞ்சேன். அது வீணாப் போற சக்தி, எடுத்தா லாபம். கரண்டுக்குன்னே ஒரு தொப்பைய வளக்கறதுன்னா அது பைத்தியக்காரத்தனம். ஆனா பணம் போட்டவங்க, தோண்டி முடிச்ச சுரங்கத்தக் காலியா விட மாட்டேங்கறாங்க.”

மருதாசலம் எரிசக்தித் துறைச் செயலாளரைப் பார்க்கப் போனார். செயலாளர் கணக்கைப் பொறுமையாகக் கேட்டார். காபி வரவழைத்தார். கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி, மாப்பிள்ளை யார் என்றும் பார்த்துக்கொண்டார்.

“கணக்குல தப்பே இல்ல சார்,” என்றார். “ஆனா மோட்டாருக்குப் போற கரண்ட் விவசாயத் துறை செலவு. வயித்துல இருந்து வர்ற கரண்ட் எரிசக்தித் துறை வரவு. நீங்க ஏன் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறீங்க?”

அந்த இரண்டும் ஒன்று என்று சொல்லத்தான் அவர் வாழ்நாளில் பாதியைச் செலவழித்து புத்தகம் எழுதியிருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தார். செயலாளர் எழுந்து கைகுலுக்கிவிட்டார்.

விழாவுக்குப் போவதா வேண்டாமா என்று மருதாசலம் இரண்டு நாள் தவித்தார். நூலகங்களின் அலமாரிகள் கனவில் வந்தன. கடைசியில், மேடையிலேயே கணக்கைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, பேச்சை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்படிச் சொன்னால் நூலகம் போச்சு, இந்த ஒரு வருடப் புகழும் போச்சு. பூங்கொடியிடம் சொன்னபோது, “துணி தேய்க்கறதுக்கு மறுபடி மேச கெடைக்குமில்லீங், சொல்லுங்க,” என்றாள்.

மைதானத்தில் பெரிய பந்தல். மேடையின் பின்புறம் திட்டத்தின் பெயர் விளக்கெழுத்தில் மின்னியது. அந்த விளக்குக்கு மின்சாரம் கொடுத்தவர் குப்புராஜ். கடையிலிருந்து இரவல் வாங்கி, புது வேட்டி கட்டி, மேடை ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். முதல் பட்டையைப் பெறப்போகிறவர் அவர் மனைவி தெய்வானை. கணவன் கடையையே ஓட்டுகிறார், மனைவி வீட்டை ஓட்டட்டும் என்று செயலாளருக்குத் தோன்றிய யோசனை அது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று பட்டைக்குப் பக்கத்தில் ஒரு மைக்கும் பிடிக்கச் சொல்லியிருந்தார். இளவேனில்தான் பட்டையைக் கட்டினாள். தெய்வானையின் இடுப்புக்கு அது இரண்டு சுற்று வந்தது.

குரல் பந்தல் முழுக்க ஒலித்தது. “வணக்கம். தங்களிடம் இருப்பு இல்லை. உணவருந்திவிட்டு மீண்டும் முயற்சிக்கவும். நன்றி.”

கூட்டம் சிரித்தது. அமைச்சரும் சிரித்தார். செயலாளர் சிரிக்கவில்லை. “பட்டை ரிப்பேர், வேற கட்டுங்க,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். வேறு பட்டை கட்டினார்கள். குரல் அதே மரியாதையோடு அதையே சொன்னது.

“ஆள மாத்துங்க.”

முன்வரிசையில் காத்திருந்த பெண்களில் ஒருத்தியை ஏற்றினார்கள். அவளையும் உணவருந்திவிட்டு வரச் சொன்னது. அடுத்தவளையும் சொன்னது. கொஞ்சம் சதைப்பிடிப்பாகத் தெரிந்த ஒரு பெண்ணைச் செயலாளரே தேடிப் பிடித்து வந்தார். அது சதை இல்லை, ரத்தச் சோகையில் வந்த வீக்கம் என்று அவளே சொல்லிக்கொண்டு இறங்கினாள். நாலாவது ஆளுக்கப்புறம் கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. வணக்கம் சொல்லி, நன்றி சொல்லி, அந்தக் குரல் ஒவ்வொரு வீட்டின் அடுப்படியையும் திறந்து காட்டிக்கொண்டே போயிற்று.

யாரோ அவசரத்தில் மருதாசலத்தின் இடுப்பில் ஒரு பட்டையைச் சுற்றினார்கள். “தாராளமான இருப்பு” என்று குரல் ஆரம்பித்ததும் மேடை விளக்குகள் எல்லாம் பளிச்சென்று எரிந்தன. செயலாளர் கை தட்டினார். அவர் ஒருவர்தான் தட்டினார்.

மருதாசலத்தின் கையில் மைக் வந்தது. சட்டைப்பையில் பேச்சு இருந்தது. அதில் மோட்டார் இருந்தது, நெல் இருந்தது, இறைத்த தண்ணீரும் இழந்த சக்தியும் இருந்தன. இந்தப் பெண்கள் இல்லை. அவர் எழுதிய எந்தப் புத்தகத்திலும் இல்லை. தலைக்கு இத்தனை கிராம் அரிசி என்று சராசரி எழுதியிருக்கிறார். அந்தத் தலை எது என்று பார்த்ததில்லை.

பைக்குள் விட்ட கையை வெறுமனே இழுத்துக்கொண்டு, தெய்வானையின் பக்கம் திரும்பினார்.

“இன்னிக்கு என்னம்மா சாப்பிட்டீங்க?”

“சாப்டாச்சுங்க,” என்றாள் தெய்வானை, யாராவது கேட்டால் சொல்வதற்கென்றே வாய்நுனியில் வைத்திருந்தவள் போல.

“தங்களிடம் இருப்பு இல்லை,” என்றது இன்னும் கழற்றப்படாத பட்டை.

குப்புராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தார். “ஏம்புள்ள,” என்றார். “டெய்லி எனக்கு மூடி வெக்கறயே, அதத் திங்கறதில்லயா நீ?”

“நீங்கதான் தொடறதில்லயே. காத்தால புள்ளைகளுக்குப் போட்ருவேன்.”

“நீயி?”

தெய்வானை அமைச்சரைப் பார்த்தாள், செயலாளரைப் பார்த்தாள், கடைசியில் கீழே பார்த்தாள். இத்தனை பேர் முன்னால் இதையெல்லாம் கேட்கிறாரே என்ற கூச்சம்தான் முகத்தில் தெரிந்தது. குப்புராஜ் இடுப்பில் கை வைத்து, கொக்கியைத் தேடி, பட்டையைக் கழற்றிக் கீழே போட்டார். பின்னால் திட்டத்தின் பெயர் அணைந்தது.

அந்தத் திட்டம் பிறகு எரியவே இல்லை. மருதாசலத்தின் கணக்கு அதை நிறுத்தவில்லை. பட்டையின் வாயை அடைத்துவிட்டுக் கொடுத்தால் போதும் என்று இளவேனிலிடம் கேட்டிருக்கிறார்கள். இருப்பு இல்லாத உடம்பில் பட்டை கொழுப்புக்குப் பதில் சதையைத் தின்ன ஆரம்பிக்கும், அதைத் தடுக்கத்தான் குரல், எடுக்க மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். வீடு வீடாகப் போய் யார் சாப்பிடவில்லை என்று உரக்கச் சொல்கிற ஒரு கருவியை அரசுச் செலவில் விநியோகிக்க எந்தத் துறையும் முன்வரவில்லை. தொழில்நுட்பக் காரணங்களால் ஒத்திவைப்பு என்று நாளிதழில் ஒரு மூலையில் வந்தது. குப்புராஜ் தறிக்குத் திரும்பினார். சம்பளம் பாதிதான். ஆனால் சாயங்காலமானால் வயிறு கத்துகிறது என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. விழா கலைந்த அன்று மதியம், மருதாசலம் பஸ் பிடித்து நேராக வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை. பூங்கொடி அவருக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

“நீ சாப்டயா?” என்று கேட்டார்.

பூங்கொடி கரண்டியை வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “ஏனுங், ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?”

“கேக்கறதுக்குச் சொல்லு.”

“சாப்டாச்சு.”

மருதாசலம் அடுப்படிக்குள் போனார். இத்தனை வருடத்தில் தண்ணீர் எடுக்கத் தவிர அவர் உள்ளே போனதில்லை. குக்கரைத் திறந்தார். ஓரத்தில் ஒரு ஆளுக்கான சோறு, அதுவும் சின்ன ஆள். குழம்புச் சட்டியில் குழம்பு இருந்தது, காய் இல்லை. காய் முழுக்க வெளியே அவர் தட்டில் இருந்தது. கழுவி வைத்த தட்டுகள் காலையிலிருந்து காய்ந்த தட்டுகள்.

தன் தட்டை எடுத்து வந்து அடுப்படி மேடையில் வைத்தார். இன்னொரு தட்டை எடுத்து, பாதியைத் தள்ளினார். கொஞ்சம் கீழே சிந்தியது.

“உக்காந்து சாப்பிடு.”

“என்னுங் இது புதுசா.”

“உக்காரு புள்ள.”

பூங்கொடி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் கதவில் சாய்ந்து, அணை நீர்மட்டத்தைப் பார்க்கப் போன நிருபர் மாதிரி, கண் கொட்டாமல் நின்றுகொண்டிருந்தார்.

“இப்படி மூஞ்சியவே பாத்துட்டு நின்னீங்கன்னா எனக்குத் தொண்டைல எறங்காது,” என்றாள். “அக்கட்டால போங்க.”

அவர் தன் தட்டோடு முன்னறைக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பிடாமல் காதைத் தீட்டி வைத்துக்கொண்டார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தட்டு நகர்ந்தது. பிறகு ஸ்டூல் நகர்ந்தது. எழுந்துவிட்டாளோ என்று அவருக்குத் திக்கென்றது. அலமாரி திறக்கிற சத்தம், அடுப்பு பற்றுகிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து, எண்ணெயில் அப்பளம் ஒன்று சரசரவென்று பொரிந்தது.

எனக்கும் ஒன்று என்று கேட்க மருதாசலத்துக்கு வாய் வரைக்கும் வந்தது. மூடிக்கொண்டார்.